கதவைத் திறந்தவர் எந்த விதிப்படி திறந்தார்?

1990 செப்டம்பர் 9, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவில் அப்போது ஞாயிறு செய்தித்தாள்களோடு இணைப்பாக வந்த பரேட் இதழில் மேரிலின் வோஸ் சவான்ட் ஒரு வாசகர் கேள்விக்குப் பதில் எழுதினார். உலகிலேயே அதிக ஐக்யூ உள்ளவர் என்று கின்னஸில் இடம்பெற்றதால் பிரபலமானவர் அவர், வாசகர்கள் அனுப்பும் புதிர்களுக்கும் கேள்விகளுக்கும் பதில் சொல்வதுதான் அந்தப் பத்தி. மேரிலாண்டிலிருந்து வந்த கேள்வி இது: ஒரு டிவி விளையாட்டில் மூன்று கதவுகள், ஒன்றின் பின்னால் கார், மற்ற இரண்டின் பின்னால் ஆடுகள். நீங்கள் முதல் கதவைச் சொல்கிறீர்கள். எதன் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்த தொகுப்பாளர் மூன்றாம் கதவைத் திறந்து ஆட்டைக் காட்டி, "இரண்டாம் கதவுக்கு மாறிக்கொள்கிறீர்களா?" என்று கேட்கிறார். மாறினால் லாபமா?

மாறுங்கள் என்றார் மேரிலின். மாறினால் கார் கிடைக்க மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு, மாறாவிட்டால் மூன்றில் ஒரு பங்கு.

அவ்வளவுதான், கடிதங்கள் கொட்ட ஆரம்பித்தன. சுமார் 10,000 கடிதங்கள், அதில் கிட்டத்தட்ட ஆயிரம் பேர் பிஎச்டி முடித்தவர்கள். கணிதப் பேராசிரியர்கள் பல்கலைக்கழக லெட்டர்ஹெட்டில் எழுதினார்கள், இரண்டு கதவுதானே மிச்சம், வாய்ப்பு பாதிக்குப் பாதி, தப்பை ஒத்துக்கொள்ளுங்கள், நாட்டில் கணித அறிவு ஏற்கெனவே மோசமாக இருக்கிறது, நீங்கள் வேறு கெடுக்காதீர்கள் என்கிற தொனியில். அவர் அசரவில்லை. தொடர்ந்து சில பத்திகளில் விளக்கினார், பள்ளி வகுப்புகளில் கப்புகளை வைத்து விளையாடிப் பார்க்கச் சொன்னார், விளையாடிய பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டுதான் வந்தது.

இந்தக் கதையை வழக்கமாக "ஒரு பெண் சொன்னது சரி, ஆயிரம் பிஎச்டி சொன்னது தப்பு" என்று சொல்லி முடித்துவிடுவார்கள். அது உண்மைதான், கேட்க நன்றாகவும் இருக்கிறது. ஆனால் எனக்கு இந்த நிகழ்வில் பிடித்த விஷயம் வேறு. பாதிக்குப் பாதி என்று அடம்பிடித்தவர்கள் போட்ட கணக்கு, வேறொரு விளையாட்டுக்கு மிகச் சரியான கணக்கு. அந்த விளையாட்டும் பார்ப்பதற்கு அச்சு அசலாக இதே மாதிரி இருக்கும். மூன்றாம் கதவு திறந்திருக்கும், உள்ளே ஆடு நிற்கும், இரண்டு கதவுகள் மூடியிருக்கும். கண்ணால் பார்த்ததை வைத்து இரண்டையும் பிரிக்கவே முடியாது.

இது எனக்குப் புரிந்ததே ஒரு சொந்தத் தவறினால்தான். முதல்முறை இந்தப் புதிரைப் படித்தபோது நம்பாமல் ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். காரை ஏதோ ஒரு கதவில் வை, ஆட்டக்காரர் முதல் கதவைத் தேர்ந்தெடுக்கட்டும், மற்ற இரண்டில் ஏதாவது ஒன்றைத் திற, கார் இருந்தால் அந்த ஆட்டத்தைக் கணக்கில் சேர்க்காதே (கேள்வியில் ஆடுதானே வந்தது!), மீதி ஆட்டங்களில் மாறினால் ஜெயிக்கிறோமா பார். ஓடவிட்டேன். எத்தனை ஆயிரம் முறை ஓட்டினாலும் பாதிக்குப் பக்கத்திலேயே நின்றது. சரி, மேரிலின் தப்பு, பேராசிரியர்கள் சரி என்று சந்தோஷமாகத் தூங்கப் போனேன். மறுநாள் ஒரு நண்பரிடம் காட்டினால் அவர் ஒரே ஒரு வரியைத் தொட்டுக் காட்டினார். "ஏதாவது ஒன்றைத் திற" என்ற வரி. என் தொகுப்பாளருக்குக் கார் எங்கே என்று தெரியாது. குருட்டாம்போக்கில் திறக்கிறார், கார் வந்துவிட்ட ஆட்டங்களை நான் சத்தமில்லாமல் குப்பையில் போடுகிறேன். மேரிலினின் தொகுப்பாளர் அப்படிப்பட்டவர் இல்லை, அவர் ஒருபோதும் காரைத் திறக்க மாட்டார்.

எண்ணிப் பார்த்துவிடலாம், இதில் சூத்திரத்தைவிட எண்ணுவதுதான் எனக்கு நம்பிக்கை தருகிறது. 900 ஆட்டங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள், எல்லாவற்றிலும் நீங்கள் முதல் கதவைச் சொல்கிறீர்கள். கார் ஒவ்வொரு கதவிலும் சராசரியாக 300 முறை இருக்கும்.

விஷயம் தெரிந்த தொகுப்பாளர்: கார் முதல் கதவில் இருக்கும் 300 ஆட்டங்களில் அவருக்கு இரண்டு ஆடுகளில் எதை வேண்டுமானாலும் காட்டலாம், காசு சுண்டி முடிவெடுத்தால் 150 முறை மூன்றாம் கதவைத் திறப்பார். கார் இரண்டாம் கதவில் இருக்கும் 300 ஆட்டங்களில் அவருக்கு வேறு வழியே இல்லை, 300 முறையும் மூன்றாவதைத்தான் திறக்க வேண்டும். ஆக, மூன்றாம் கதவு திறந்து ஆடு தெரிகிற ஆட்டங்கள் மொத்தம் 450, அதில் 300-இல் கார் இரண்டாம் கதவில். மூன்றில் இரண்டு.

விஷயம் தெரியாத தொகுப்பாளர், அதாவது என் புரோகிராமில் இருந்தவர்: கார் முதல் கதவில் இருக்கும்போது 150 முறை மூன்றாவதைத் திறப்பார், ஆடு. கார் இரண்டாம் கதவில் இருக்கும்போதும் 150 முறை மூன்றாவதைத் திறப்பார், ஆடு. மற்ற 150 முறை இரண்டாவதைத் திறந்து காரையே காட்டிவிடுவார், அவை கணக்கில் வராது. ஆக 300 ஆட்டங்கள், 150-இல் கார் இரண்டாவதில். சரிபாதி.

வித்தியாசம் எங்கே வந்தது பாருங்கள். உங்கள் கண்ணுக்குத் தெரிந்தது இரண்டிலும் ஒன்றே. நடக்காமல் போனதில்தான் வித்தியாசம், குருட்டு ஆளிடம் கார் வெளியே வந்திருக்கலாம், வரவில்லை. விஷயம் தெரிந்த ஆளிடம் அது வந்திருக்கவே முடியாது. நடந்ததை மட்டும் பார்த்து நிபந்தனை நிகழ்தகவு (ஒரு தகவல் தெரிந்த பிறகான வாய்ப்பு) கணக்கிட முடியாது, வேறு என்னென்ன நடந்திருக்கக்கூடும் என்பதும் கணக்கில் வரவேண்டும்.

இதனால்தான் பலர் சொல்லும் அந்தப் பிரபலமான குறுக்கு வழி விளக்கம் எனக்கு ஆகாது. "உங்கள் கதவுக்கு மூன்றில் ஒன்று, அது மாறாது, மற்ற இரண்டுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு, ஒரு கதவு போய்விட்டதால் அந்த மூன்றில் இரண்டும் மீதிக் கதவுக்கு வந்து சேர்ந்துவிடும்." விடை சரி. ஆனால் இதே வாக்கியத்தைக் குருட்டுத் தொகுப்பாளருக்கும் ஒரு எழுத்து மாறாமல் சொல்லலாம், அங்கே விடை தப்பு. "மாறாது" என்று எப்படித் தெரியும்? குருட்டு ஆட்டத்தில் அது மூன்றில் ஒன்றிலிருந்து பாதியாக மாறுகிறதே! முதல் வகை ஆட்டத்தில் அது மாறாமல் இருப்பதற்குக் காரணம், தொகுப்பாளர் எப்படியும் ஓர் ஆட்டைக் காட்டியே தீருவார் என்பதும், எந்த ஆட்டைக் காட்டுவது என்பதில் அவருக்குப் பாரபட்சம் இல்லை என்பதும்தான்.

மேரிலினே சொன்ன பத்து லட்சம் கதவு உதாரணமும் இதே கதைதான். நீங்கள் ஒரு கதவைச் சொல்கிறீர்கள், தொகுப்பாளர் மீதியில் 777777-ஆம் கதவைத் தவிர எல்லாவற்றையும் திறந்துவிடுகிறார், எல்லாம் ஆடு. உடனே ஓடிப்போய் மாறமாட்டீர்களா? மாறுவோம். ஏன்? அந்த ஆள் அந்த ஒரு கதவை மட்டும் வேண்டுமென்றே தவிர்த்தார் என்று நமக்குத் தோன்றுகிறது. இப்போது தொகுப்பாளரை எடுத்துவிட்டுப் பெருங்காற்று அடித்து அத்தனை கதவுகளும் தற்செயலாகத் திறந்துகொண்டன, ஒன்றில்கூடக் கார் இல்லை என்று வையுங்கள். நம்பவே முடியாத தற்செயல், ஆனால் நடந்துவிட்டால் மூடியிருக்கும் இரண்டு கதவுகளும் சமம். உங்கள் கதவில் கார் இருந்தாலும் 777777-இல் இருந்தாலும் காற்று அதே கதவுகளைத் திறந்திருக்க அதே அளவு வாய்ப்புதான். காற்றுக்குக் கார் பற்றிக் கவலை இல்லை.

பேய்ஸ் தேற்றத்தைப் பேச்சுமொழியில் சொன்னால் இதுதான்: இரண்டு சாத்தியங்களில் எது உண்மை என்று தெரியவேண்டுமா, "முதலாவது உண்மையானால் எனக்கு இந்தத் தகவல் கிடைத்திருக்க எவ்வளவு வாய்ப்பு, இரண்டாவது உண்மையானால் எவ்வளவு" என்று கேள், அந்த விகிதத்தால் பழைய விகிதத்தைப் பெருக்கு. கவனிக்க வேண்டிய வார்த்தை "கிடைத்திருக்க". தகவல் உண்மையாக இருப்பதற்கான வாய்ப்பு வேறு, அந்தத் தகவல் எனக்குச் சொல்லப்படுவதற்கான வாய்ப்பு வேறு. "மூன்றாம் கதவில் ஆடு" என்பது கார் ஒன்றில் இருந்தாலும் இரண்டில் இருந்தாலும் உண்மைதான், விகிதம் ஒன்றுக்கு ஒன்று. அங்கேயே நின்றுவிட்டால் பாதி என்றுதான் வரும், பிஎச்டிகள் நின்ற இடம் அது. ஆனால் "மூன்றாம் கதவைத் திறந்து காட்டினார்" என்பதற்குக் கார் ஒன்றில் இருந்தால் பாதி வாய்ப்பு, இரண்டில் இருந்தால் முழு வாய்ப்பு.

காட்டுபவரின் குணத்தை இன்னும் கொஞ்சம் மாற்றிப் பாருங்கள். ஒரு சோம்பேறித் தொகுப்பாளர், மூன்றாம் கதவுக்குப் பக்கத்தில் நிற்பவர், முடிந்தால் எப்போதும் அதையே திறப்பார், அங்கே கார் இருந்தால் மட்டும்தான் இரண்டாவதுக்கு நடப்பார். அவர் மூன்றாவதைத் திறந்தால் 600 ஆட்டங்களில் 300, வாய்ப்பு பாதிதான், மாறினாலும் ஒன்று மாறாவிட்டாலும் ஒன்று. ஆனால் அவர் இரண்டாவதை நோக்கி நடந்தார் என்றால் கண்ணை மூடிக்கொண்டு மூன்றாவதைக் கேளுங்கள், கார் நிச்சயம். எல்லா ஆட்டத்தையும் சேர்த்துச் சராசரி பார்த்தால் அதே மூன்றில் இரண்டுதான் வரும், ஆனால் ஒவ்வொரு தனி ஆட்டத்திலும் அந்த எண் உங்களுக்குப் பொருந்தாது. 1991-இல் புள்ளியியலாளர்கள் நால்வர் ஒரு கட்டுரையில் மேரிலினை இந்த இடத்தில்தான் பிடித்தார்கள். கார் முதல் கதவில் இருக்கும்போது தொகுப்பாளர் மூன்றாவதைத் திறக்கும் வாய்ப்பை க்யூ என்று வைத்தால், மாறி ஜெயிக்கும் நிகழ்தகவு 1/(1+க்யூ). க்யூ பாதியானால் மூன்றில் இரண்டு, ஒன்றானால் பாதி, பூஜ்யமானால் நிச்சயம். பாதிக்குக் கீழே எப்போதும் போகாது, அதனால் மாறுவது நஷ்டமாகவே ஆகாது என்பது கூடுதல் நிம்மதி. மேரிலினை அவர்கள் கொஞ்சம் கடுமையாகவே பேசினார்கள் என்பது என் அபிப்பிராயம், பத்திரிகைப் புதிரில் தொகுப்பாளரின் சோம்பேறித்தனத்தைப் பற்றி யார் யோசிப்பார்கள். ஆனால் கணக்கு சரி.

இதற்கெல்லாம் மூத்த அண்ணன் ஒன்று உண்டு. பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஜோசஃப் பெர்ட்ரான்ட் 1889-இல் சொன்ன பெட்டிகள். ஒன்றில் இரண்டு தங்கக் காசுகள், ஒன்றில் இரண்டு வெள்ளி, ஒன்றில் தங்கம் ஒன்று வெள்ளி ஒன்று. ஏதோ ஒரு பெட்டியிலிருந்து பார்க்காமல் ஒரு காசை எடுக்கிறீர்கள், தங்கம். அதே பெட்டியில் மீதிக் காசும் தங்கமா? இரண்டு பெட்டிதானே மிச்சம், பாதி என்று வாய் வரும். 300 முறை செய்தால் இரட்டைத் தங்கப் பெட்டி 100 முறையும் தங்கத்தைத் தரும், கலப்புப் பெட்டி 50 முறைதான் தரும், எனவே மூன்றில் இரண்டு. இப்போது நீங்கள் காசை எடுக்கவில்லை, வேறொருவர் பெட்டிக்குள் எட்டிப் பார்க்கிறார், "தங்கம் இருக்கிறதா?" என்று கேட்கிறீர்கள், "இருக்கிறது" என்கிறார். இங்கே கலப்புப் பெட்டியும் 100 முறையும் "இருக்கிறது" என்றே பதில் தரும். பாதி! "இந்தப் பெட்டியில் ஒரு தங்கக் காசாவது இருக்கிறது" என்பதுதான் இரண்டிலும் உங்களுக்குத் தெரிந்த செய்தி. கையில் வந்து தெரிந்தால் ஒரு விடை, கேட்டுத் தெரிந்தால் வேறு விடை.

குழந்தைப் புதிரும் இதே குடும்பம்தான், சண்டை மட்டும் அதிகம். "ஒருவருக்கு இரண்டு குழந்தைகள், அதில் ஒன்றாவது ஆண், இரண்டுமே ஆணாக இருக்க வாய்ப்பு என்ன?" கணிதப் புதிர்கள் எழுதிப் புகழ்பெற்ற மார்ட்டின் கார்ட்னர் 1959-இல் தன் பத்தியில் இதைப் போட்டு மூன்றில் ஒன்று என்றார். அப்புறம் அதே ஆண்டிலேயே, கேள்வி தெளிவாக இல்லை, அந்தத் தகவல் எப்படிக் கிடைத்தது என்பதைப் பொறுத்து விடை மாறும் என்று ஒப்புக்கொண்டார். இரண்டு குழந்தைகள் உள்ள 400 குடும்பங்கள், 100-இல் இரண்டும் ஆண், 200-இல் கலப்பு, 100-இல் இரண்டும் பெண். "ஆண் குழந்தை உண்டா?" என்று எல்லோரையும் கேட்டால் 300 பேர் ஆம் என்பார்கள், அதில் 100, மூன்றில் ஒன்று. பெற்றவர் தானாகப் பேச்சுவாக்கில் ஒரு குழந்தையைப் பற்றிச் சொல்கிறார், எந்தக் குழந்தை என்பது தற்செயல், அது பையன் என்றால், கலப்புக் குடும்பங்களில் பாதிப் பேர் மகளைப் பற்றிச் சொல்லியிருப்பார்கள், எனவே 200-இல் 100, பாதி.

2010-இல் கார்ட்னர் நினைவாக அட்லான்டாவில் நடக்கும் கூட்டத்தில் கேரி ஃபோஷி இதற்கு ஒரு செவ்வாய்க்கிழமையைச் சேர்த்தார்: எனக்கு இரண்டு குழந்தைகள், ஒருவன் செவ்வாய்க்கிழமை பிறந்த பையன். விடை 13/27 என்றதும் பலருக்குத் தலை சுற்றியது. பாலினமும் கிழமையும் சேர்த்தால் ஒரு குழந்தைக்கு 14 வகை, இரண்டுக்கு 196, செவ்வாய்ப் பையன் ஒருவனாவது உள்ளவை 27, அதில் இரண்டும் பையன் 13. கணக்கில் பிசகில்லை. ஆனால் செவ்வாய்க்கும் ஆண் குழந்தைக்கும் என்ன சம்பந்தம் என்று எரிச்சல் வருகிறதா? வரவேண்டும். "செவ்வாய்க்கிழமை பிறந்த பையன் உண்டா?" என்று நாம்தான் முன்கூட்டியே வடிகட்டியைப் பொருத்திக் கேட்டோம் என்றால்தான் 13/27. இரண்டு பையன்கள் இருக்கும் வீட்டில் அந்தக் குறுகிய வடிகட்டியைத் தாண்ட இரண்டு வாய்ப்புகள், அதனால் அந்த வீடுகள் கூடுதலாகத் தேறுகின்றன, விடை பாதியை நெருங்குகிறது. பெற்றவர் தற்செயலாக ஒரு குழந்தையை நினைத்து அவனுடைய கிழமையையும் சேர்த்துச் சொன்னார் என்றால் சாதாரண பாதிதான், செவ்வாய்க்கு ஒரு மந்திர சக்தியும் இல்லை.

ஒன்றும் சொல்லப்படாததும் இதே மாதிரி தகவல்தான். "ஏதாவது பிரச்சினை என்றால் மட்டும் கூப்பிடுகிறேன்" என்று சொன்னவர் கூப்பிடவில்லை என்றால் அந்த மௌனத்துக்கு அர்த்தம் உண்டு. எப்போது கூப்பிடுவார் என்றே சொல்லாதவர் கூப்பிடவில்லை என்றால், அதே மௌனத்தை வைத்துப் பெரிதாக எதுவும் சொல்லிவிட முடியாது. வென்ற கணிப்புகளை மட்டும் காட்டும் ஜோசியரிடமும், எல்லாக் கணிப்புகளையும் எழுதி வைத்திருந்து அதில் தற்செயலாக நாம் பத்தைப் பார்க்கிற ஜோசியரிடமும், பத்துக்குப் பத்து சரி என்பதற்கு ஒரே எடை கிடையாது.

பால் எர்டிஷ், இருபதாம் நூற்றாண்டின் பெரிய கணிதவியலாளர்களில் ஒருவர், அவரும் கதவுப் புதிரை முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. நண்பர் ஆண்ட்ரூ வாஸோனி கம்ப்யூட்டரில் ஓட்டிக் காட்டிய பிறகுதான் மசிந்தார், அப்போதும் காரணம் புரியவில்லை என்று குறைப்பட்டாராம். எனக்கு இதில் எர்டிஷ் பக்கம்தான் மனசு. சிமுலேஷன் எண்ணைத் தரும், ஆனால் காட்டும் விதி எந்த வரியில் ஒளிந்திருக்கிறது என்று தானாகச் சொல்லாது. என் புரோகிராமும் பிசகில்லாமல் ஓடித்தானே பாதி என்றது.

இனி அந்த 1990 கேள்விக்கே திரும்புவோம். தொகுப்பாளருக்கு விஷயம் தெரியும் என்று அதில் இருக்கிறது. எப்போதும் ஒரு கதவைத் திறந்து மாறச் சொல்லிக் கேட்டே ஆகவேண்டும் என்று இல்லை. நாம் எல்லோரும் அதை நாமாகச் சேர்த்துக்கொண்டோம், மேரிலினும்தான். குசும்புக்காரத் தொகுப்பாளர் ஒருவர், நீங்கள் சரியான கதவைத் தொட்டபோது மட்டும்தான் ஆட்டைக் காட்டி ஆசை காட்டுவார் என்றால், மாறினால் ஜெயிக்கும் வாய்ப்பு பூஜ்யம்.

இதைக் கேட்க வேண்டிய ஆளிடமே போய்க் கேட்டவர் நியூயார்க் டைம்ஸின் ஜான் டியர்னி. 1991 ஜூலை 21 அன்று முதல் பக்கத்தில் வந்தது அந்தக் கட்டுரை. லெட்ஸ் மேக் எ டீல் நிகழ்ச்சியைப் பல ஆண்டுகள் நடத்திய மான்ட்டி ஹால், புதிருக்கே பெயர் கொடுத்தவர், பெவர்லி ஹில்ஸில் தன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் விளையாடிக் காட்டினார். எப்போதும் ஆட்டைக் காட்டியே ஆகவேண்டும் என்ற விதியோடு ஆடியபோது மாறியதுதான் நன்றாக ஜெயித்தது, மேரிலின் சொன்னபடி. அப்புறம் விதியைத் தன் இஷ்டத்துக்கு விட்டுக்கொண்டார். ஆட்டக்காரர் ஒரு கதவைச் சொன்னதும் அதையே திறந்து, ஆடு, ஆட்டம் முடிந்தது என்றார். மாற வாய்ப்பே தரவில்லையே என்றால், ஒவ்வொரு முறையும் தந்தாக வேண்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது என்று திருப்பிக் கேட்டார். அடுத்த முறை வாய்ப்பு தந்தார், ஆட்டக்காரர் மாறினார், ஆடு.

புதிருக்கு மான்ட்டி ஹால் புதிர் என்ற பெயர் வந்தது 1975-இல், புள்ளியியலாளர் ஸ்டீவ் செல்வின் கதவுகளுக்குப் பதில் பெட்டிகளை வைத்து ஓர் இதழுக்கு எழுதிய கடிதங்களால். அந்த ஆண்டே மான்ட்டி ஹால் அவருக்கு ஒரு பதில் போட்டார். என் நிகழ்ச்சிக்கு எப்போதாவது வந்தால் விதி உங்களுக்கும் அதேதான், தேர்ந்தெடுத்த பிறகு பெட்டி மாற்றக் கூடாது என்று.